ஷாங்காய் 1937: சிஹாங் கிடங்கு ஏன் விழவில்லை?

மார்ச் 2, காலை 9.15 (கேள்வி)

1937 சீன-ஜப்பான் போரில் ஷாங்காயில் நடந்த சிஹாங் கிடங்குச் சண்டையைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். நானூறு சீனச் சிப்பாய்கள் ஒரே கட்டடத்துக்குள் நின்று ஜப்பானிய ராணுவத்தைத் தடுத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் சண்டை என்று வந்தால் ஜப்பானைவிடச் சீனப் படைதான் கெட்டி என்பதற்கு இது ஒன்றே போதும் என்கிறேன். வெட்டவெளியில் மட்டும்தான் ஜப்பானியர் ஜெயித்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

மார்ச் 2, இரவு 10.40

வந்துவிட்டேன்.

சிஹாங் நடந்தது 1937 அக்டோபர் கடைசியில். அதே ஷாங்காயில், அந்தக் கிடங்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் நடந்து போகிற தூரத்தில், ஆகஸ்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். அப்போது உள்ளே இருந்தவர்கள் ஜப்பானியர். வெளியே நின்று முட்டியவர்கள் சீனர்கள்.

ஹொங்கோ பகுதியில் ஜப்பான் கடற்படையின் தரையிறங்கு படை நாலாயிரம், ஐயாயிரம் பேருடன் இருந்தது. தலைமை, ரியர் அட்மிரல் ஒகோச்சி தென்ஷிச்சி. வெளியே சீனாவிடம் இருந்ததிலேயே சிறந்த 87, 88-ஆம் டிவிஷன்கள் (டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு; அதற்குள் பிரிகேட், ரெஜிமென்ட், பட்டாலியன் என்று சிறிதாகிக்கொண்டே போகும்). ஜெர்மன் ஆலோசகர்கள் பயிற்சி கொடுத்த படை. தலையில் ஜெர்மன் இரும்புத்தொப்பி, கையில் மரப்பிடி வைத்த எறிகுண்டு. ஆகஸ்ட் 13-ல் தொடங்கிப் பத்து நாள் முட்டினார்கள். கடற்படைத் தலைமையகம் விழவில்லை. 88-ஆம் டிவிஷனின் பிரிகேட் தளபதி ஹுவாங் மெய்சிங் இரண்டாம் நாளே, ஆகஸ்ட் 14-ல், செத்துப்போனார். பிரிகேட் தளபதியே சாகிற இடத்தில் சிப்பாய்கள் தைரியமில்லாமல் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கனமான கான்கிரீட் சுவர். அதை உடைக்கிற பெரிய பீரங்கி சீனர்களிடம் போதுமான அளவு இல்லை. அவ்வளவுதான் கதை. அக்டோபரில் அதுவே திரும்பி நடந்தது: சீனர்கள் கான்கிரீட் சுவருக்குப் பின்னால். ஜப்பானியரிடம் பெரிய பீரங்கி இருந்தது, ஆனால் அங்கே சுட முடியவில்லை. காரணத்தை நாளைக்குச் சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 3, காலை 7.05

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. கேள்வியில் "நானூறு" என்று சரியாகவே போட்டிருக்கிறீர்கள். ஆனால் உலகத்துக்கு இவர்கள் "எண்ணூறு வீரர்கள்". 88-ஆம் டிவிஷன், 524-ஆம் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் அது. தாள்மேல் எண்ணூறு, ஆகஸ்டிலிருந்து அடிவாங்கியதில் மிஞ்சியது நானூற்றுச் சொச்சம். எதிரிக்குப் பலம் தெரியக்கூடாது என்று தலைவர் ஷியே ஜின்யுவான் எண்ணூறு என்றே வெளியே சொல்லச் சொன்னார். அது அப்படியே நின்றுவிட்டது. நம் ஊர்க் கல்யாணத்தில் சமையல்காரரிடம் ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்வோம், இங்கே கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 3, இரவு 11.30

முதலில் ஒரு திருத்தம். நேற்று சிஹாங்கையும் "கான்கிரீட் சுவர்" என்று எழுதிவிட்டேன். தப்பு. கட்டட வேலையில் இருபது வருஷம் இருந்துகொண்டு இப்படி எழுதியதற்கு என் கொத்தனார் பார்த்தால் சிரிப்பார்.

சிஹாங் கிடங்கின் எலும்புக்கூடுதான் கான்கிரீட். தூணும் தளமும் கம்பி கட்டிய கான்கிரீட். இடையில் அடைத்திருப்பது செங்கல். 2018-ல் இயந்திரக் கண்காட்சி ஒன்றுக்கு ஷாங்காய் போனபோது அரை நாள் ஒதுக்கி அதைப் போய்ப் பார்த்தேன். சூச்சோ ஓடைக்கரையில், பாலத்தை ஒட்டி நிற்கிறது. மேற்குச் சுவரில் ஷெல் விழுந்த ஓட்டைகளை அப்படியே திறந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் 1937-லிருந்து அவை அப்படியே இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக்குப் பிறகு ஓட்டைகளை அடைத்துப் பூசிவிட்டார்கள். பல வருஷம் கடை, அலுவலகம் என்று என்னென்னவோ நடந்திருக்கிறது. 2015-ல் நினைவகம் ஆக்கியபோது பூச்சை உரித்தார்கள். அடைத்த செங்கல் மூலச் செங்கலோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. அதையும் பழைய புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துத்தான் எது ஓட்டை, எது சுவர் என்று பிரித்தார்கள். எங்கள் தொழிலிலும் இதேதான். பூச்சை உரித்தால் பழைய கட்டடம் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்: எந்த ஜன்னலை எப்போது அடைத்தார்கள், எந்தக் கொத்தனார் சோம்பேறி என்பது வரை.

இந்த வித்தியாசம் சண்டைக்கும் முக்கியம். ஷெல் விழுந்தால் செங்கல் ஓட்டையாகும், ஆனால் கட்டடம் உட்காராது. பாரத்தைத் தாங்குவது தூண், சுவர் இல்லை. சுவர் பாரம் தாங்குகிற பழைய பாணிக் கிடங்காக இருந்தால் மேற்குச் சுவரோடு தளங்களும் சரிந்து வந்திருக்கும். உள்ளே இருந்தவர்கள் ஓட்டையை மூட்டைகளால் அடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மூட்டைக்குப் பஞ்சமே இல்லை, அது கிடங்கு அல்லவா. பயறு, சோளம் என்று தானிய மூட்டைகளையே அரணாக அடுக்கினார்கள். போதாததற்கு 88-ஆம் டிவிஷனின் தலைமையகமாகவும் அது இருந்திருக்கிறது. சாப்பாடும் தோட்டாவும் முன்பே உள்ளே இருந்தன. நாலு வங்கிகள் சேர்ந்து கட்டிய கிடங்கு, "சிஹாங்" என்றாலே நாலு வங்கி என்றுதான் அர்த்தம். வங்கிக்காரர்கள் கட்டினால் பூட்டுப்போட்டு வைக்கிற மாதிரித்தானே கட்டுவார்கள்.

மார்ச் 4, மதியம் 1.10

சாப்பாட்டு வேளையில் ஒரு துணுக்கு. சுவரை உடைப்பது என்றால் என்ன என்று தெரியாமல் பலர் எழுதுகிறீர்கள். மண்ணடியில் ஒரு பழைய கிடங்கில் புதிதாகக் கதவு வைக்க வேண்டியிருந்தது. இரண்டடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. இரண்டு ஆள், ஒரு பிரேக்கர் மெஷின். காலை எட்டரைக்கு ஆரம்பித்தோம். அடித்தால் செங்கல் நொறுங்குகிறது, சுவர் நகரவில்லை. அடியை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் ஓட்டை. இத்தனைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் சுடவில்லை. உரிமையாளர் மட்டும் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் இறங்கினால் இயந்திரத் துப்பாக்கி, அதனால் வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்துக்கொண்டே போகலாம் என்று புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நான் ஒரு நாள் முழுக்கச் செய்திருக்கிறேன்.

மார்ச் 4, இரவு 9.50

கோயம்புத்தூர்க்காரர் கேட்கிறார்: ஜப்பானியரிடம் பீரங்கி இருந்தும் சிஹாங்கில் ஏன் சுட முடியவில்லை? மனிதாபிமானமா?

அதெல்லாம் ஒன்றும் இல்லை. வரைபடத்தை எடுங்கள். அன்றைய ஷாங்காய் ஒரே ஊர் இல்லை. சீன நகரம், பிரெஞ்சுப் பகுதி, பிரிட்டிஷ் அமெரிக்கர் ஆதிக்கத்தில் இருந்த சர்வதேசக் குடியிருப்பு என்று மூன்றாகக் கிடந்தது. சிஹாங் நின்றது ஜாபெய் என்ற சீனப் பகுதியின் தென்கிழக்கு மூலையில். தெற்கே ஓடை, ஓடைக்கு அக்கரை சர்வதேசக் குடியிருப்பு. கிழக்கே சாலையைத் தாண்டினாலும் அதுவே. இரண்டு பக்கம் வெள்ளைக்காரன் வேலி. ஜப்பானியர் வரக்கூடிய பக்கம் மேற்கும் வடக்கும் மட்டும்தான். இது போதாதென்று அக்கரையில் நகரத்துக்கு எரிவாயு கொடுக்கும் பெரிய தொட்டிகள் இருந்தன. கனரக ஷெல் ஒன்று குறி தவறி அதில் விழுந்தால் பிரிட்டன், அமெரிக்கா எல்லோரோடும் ஜப்பான் சண்டை போட வேண்டிவரும். 1937-ல் ஜப்பானுக்கு அது வேண்டாம். விமான குண்டும் அதே காரணத்தால் முடியாது. அதனால் சிறிய பீரங்கி, மார்ட்டர், காலாட்படை இதோடு சரி.

அக்கரையில் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஓடை அங்கே அவ்வளவு குறுகல். நின்று பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, நம் பையன்கள் கிரிக்கெட் பந்தை எறிந்தால் தாண்டிவிடும். இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் கூட்டம், பத்திரிகைக்காரர்கள், கேமரா. ஜப்பானியர் எங்கே நகர்கிறார்கள் என்று அக்கரைக்காரர்கள் பலகையில் எழுதியும் கத்தியும் சிப்பாய்களுக்குச் சொன்னார்கள். யாங் ஹுய்மின் என்ற சாரணர் பெண் ஒருத்தி இரவில் அந்தக் கரையிலிருந்து தேசியக்கொடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மறுநாள் கூரையில் கொடி.

சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக்குக்கும் தேவைப்பட்டது அதுதான். நவம்பர் 3-ல் பிரஸ்ஸல்ஸில் வல்லரசுகளின் மாநாடு கூட இருந்தது. சீனா இன்னும் ஷாங்காயில் நிற்கிறது என்று அதற்குள் காட்ட வேண்டும். மேலே முழு டிவிஷனையும் அங்கே விட்டுவிடலாம் என்றுதான் பேச்சு. டிவிஷன் தளபதி சுன் யுவான்லியாங் பேரம் பேசி ஒரு பட்டாலியனாகக் குறைத்தார். இந்த ஒரு பேரத்தில் எத்தனை ஆயிரம் உயிர் தப்பியதோ. அவருக்கு எங்கேயும் சிலை இருப்பதாகத் தெரியவில்லை.

மார்ச் 5, காலை 6.45

நேற்றைய குறிப்பைப் படித்தால் சிஹாங் வீரர்களை நாடக நடிகர்களாக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அது என் எண்ணம் இல்லை. பார்வையாளர்கள் இருந்ததால் குண்டு வலிக்காமல் போய்விடாது. அக்டோபர் 27-லிருந்து நவம்பர் 1 நள்ளிரவு வரை நின்றார்கள். தண்ணீருக்கு முடையாகி, தீ அணைக்கச் சிறுநீரைப் பீப்பாயில் சேர்த்து வைத்திருந்தார்கள். பேப்பர்காரனுக்கு இது தெரிந்திருக்காது.

மார்ச் 5, இரவு 11.55

ஆகஸ்ட் தாக்குதலைப் பற்றிக் கேட்டவருக்கு.

ஜாபெய், ஹொங்கோ என்றால் ஷாங்காயின் சந்து வீடுகள். கல் நிலைவாசல், அதற்குள் குறுகலான சந்து, இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், சந்து போய்ச் சேருவது இன்னொரு சந்தில். திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஆனால் மாடி வைத்து, வரிசை வரிசையாக. இதில் ஒரு பட்டாலியன் உள்ளே நுழைந்தால் பத்து நிமிஷத்தில் பத்துத் துண்டாகிவிடும். தளபதிக்குத் தன் ஆட்கள் எங்கே என்றே தெரியாது. ஜப்பானியர் சந்துகளில் உட்காரவில்லை. முச்சந்தி, நாற்சந்தியில் மணல் மூட்டை, இயந்திரத் துப்பாக்கி, பின்னால் கவச வண்டி. சந்தை விட்டுத் தெருவுக்கு வந்தால்தானே அடுத்த சந்துக்குப் போக முடியும்.

சீனர்களிடம் டாங்கி இருந்தது, பிரிட்டிஷ் விக்கர்ஸ். காலாட்படையோடு சேர்ந்து போகப் பழகவே இல்லை. டாங்கி முன்னால் ஓடிவிடும், ஆட்கள் பின்னால் சிக்கிக்கொள்வார்கள், தனியாக நிற்கிற டாங்கியை ஜப்பானியர் பக்கவாட்டில் அடிப்பார்கள். ஆட்கள் முன்னால் போனால் டாங்கி வராது. 36-ஆம் டிவிஷன் ஒருகட்டத்தில் ஹுய்ஷான் துறைமேடை வரை, அதாவது ஆற்றங்கரை வரை, போய்ச் சேர்ந்துவிட்டது. ஜப்பானியரை இரண்டாகப் பிளந்துவிடலாம் என்கிற தூரம். துறைமேடையின் இரும்பு வாயில் பூட்டியிருந்தது. ஏறிக் குதிக்கப் பார்த்தவர்களை அங்கேயே சுட்டார்கள். ஆற்றில் நின்ற போர்க்கப்பல்களின் பீரங்கி வேறு. ஒரு கேட். அந்த கேட்டை உடைக்கிற மாதிரி ஒரு பீரங்கியை யாராவது பின்னாலேயே இழுத்து வந்திருந்தால் என்று இப்போது நாம் உட்கார்ந்து சொல்லலாம்.

மார்ச் 6, மாலை 6.20

கப்பல் என்றதும் "இசுமோ" பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஷாங்காயின் ஹுவாங்பு ஆற்றில் நின்ற ஜப்பானியத் தலைமைக் கப்பல். பிரிட்டனில் கட்டியது, 1905 சுஷிமா கடற்போரில் சண்டையிட்டது, 1937-ல் கிழவி. அந்தக் கிழவியை மூழ்கடிக்கச் சீன விமானங்கள் ஆகஸ்ட் 14-ல் வந்தன. டார்பிடோப் படகும் ஒரு நாள் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் 1945-ல் குரே துறைமுகத்தில் அமெரிக்க விமானங்கள் அடித்துத்தான் போனது.

கிழவி என்று கேலியாக ஆரம்பித்துவிட்டேன், ஆனால் ஆகஸ்ட் 14 சிரிக்கிற நாள் இல்லை. அன்று சனிக்கிழமை, புயல் வானிலை, மேகம் தாழ்ந்து கிடந்தது. கப்பலுக்கு வைத்த குண்டுகள் நான்ஜிங் சாலையில், கேத்தே ஹோட்டல் வாசலில் விழுந்தன. இன்னொரு விமானத்தின் குண்டுகள் "பெரிய உலகம்" என்ற கேளிக்கைக் கூடத்துக்கு எதிரே நாற்சந்தியில் விழுந்தன. அங்கே ஜாபெயிலிருந்து ஓடி வந்த அகதிகள் கஞ்சிக்காகக் கூடியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். சொந்த நாட்டு விமானம், சொந்த ஜனம். சண்டை வேண்டாம் என்று வேலிக்குள் ஓடிவந்தவர்கள்.

மார்ச் 8, இரவு 10.15

இரண்டு நாள் தளம் போடுகிற வேலை, வர முடியவில்லை. அதற்குள் ஒருவர் "ஜப்பானியர் எங்கே நகரச் சண்டை கற்றார்கள்?" என்று கேட்டு, நாலு பேர் நாலு விதமாகப் பதில் போட்டிருக்கிறீர்கள்.

இதே ஷாங்காயில்தான், 1932-ல். ஜனவரி 28 இரவு கடற்படைக்காரர்கள் ஜாபெய்க்குள் நுழைந்தார்கள், சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. உள்ளே இருந்தது சீனத் தளபதி சாய் திங்காயின் 19-ஆவது வழிப்படை (ரூட் ஆர்மி), பெரும்பாலும் கான்டன் பக்கத்து ஆட்கள். விமானம் கிடையாது, டாங்கி கிடையாது. துப்பாக்கியும் எறிகுண்டும் மாடி ஜன்னலும் மட்டும். கடற்படைக்காரர்கள் கவச வண்டியோடு சந்துக்குள் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு டிவிஷன் டிவிஷனாக ராணுவத்தைக் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே சுற்றி வளைத்து, மார்ச் ஆரம்பத்தில்தான் சீனர்களைப் பின்வாங்க வைத்தார்கள். அந்த வருஷமே ஷாங்காய்க்கு என்று நிரந்தரத் தரையிறங்கு படை அமைத்தார்கள். 1932-ல் சந்துக்குள் போய் அடிபட்டவர்கள் 1937-ல் சந்துக்குள் போகவில்லை, நாற்சந்தியில் உட்கார்ந்தார்கள். பாடம் கற்றவர்கள் அவர்கள். ஜெயித்த மாதிரி நின்ற சீனர்கள் கற்ற பாடம், தைரியம் போதும் என்பது. அது தப்பான பாடம்.

அந்த 1932-ல் ஒரு கிளைக்கதை. மியாவ்ஹாங் என்ற இடத்தில் முள்வேலியை உடைக்க மூன்று ஜப்பானியச் சிப்பாய்கள் நீளமான வெடிகுழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வேலியோடு சேர்ந்து வெடித்துச் செத்தார்கள். வேண்டுமென்றே உயிர் கொடுத்த "மூன்று வெடிகுண்டு வீரர்கள்" என்று பத்திரிகைகள் கொண்டாடின. பாட்டு, படம், சிலை எல்லாம் வந்தன. திரி குட்டையாக இருந்ததுதான் விஷயம், திரும்பி வரத்தான் கிளம்பினார்கள் என்று பிற்பாடு பேச்சு வந்தது. பாறை உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் திரிக் கதையை நம்புவதில் சிரமம் இருக்காது.

இன்னொன்று. அதே சண்டையில் கமர்ஷியல் பிரஸ் என்ற பெரிய பதிப்பகத்தில் குண்டு போட்டார்கள். அவர்களுடைய கிழக்கத்திய நூலகம் எரிந்து, லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மார்ச் 9, காலை 8.30

"எல்லாம் சுவர்தான் என்றால் தாய்அர்ஜுவாங்குக்கு என்ன பதில்?" நல்ல கேள்வி. கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

மார்ச் 9, இரவு 11.10

யோசித்தேன். என் சுவர் கொள்கையில் விரிசல்.

தாய்அர்ஜுவாங் பெரிய கால்வாயை ஒட்டிய சின்ன ஊர். 1938 மார்ச் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். பீரங்கி, டாங்கி, விமானம் எல்லாம் இருந்தது, தடுக்க வெள்ளைக்காரன் வேலி ஒன்றும் இல்லை. ஊர்மதிலை உடைத்தார்கள், உள்ளே வந்தார்கள், ஊரில் முக்கால் பாகத்தைப் பிடித்தார்கள். மிச்சக் கால்பாகத்தில் சீனத் தளபதி சீ ஃபெங்செங்கின் 31-ஆம் டிவிஷன். சிஹாங் மாதிரி கான்கிரீட் தூண் ஒன்றும் அங்கே கிடையாது, சாதாரணக் கல்லும் செங்கல்லும்தான். என் கணக்குப்படி இரண்டே நாளில் முடிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் நின்றார்கள்.

பகலில் பீரங்கி வைத்திருப்பவனுடைய ஊர், ராத்திரியில் ஆள் வைத்திருப்பவனுடைய ஊர். அதுதான் அங்கே நடந்தது. ஒரே வீட்டின் இந்த அறையில் இவர்கள், அந்த அறையில் அவர்கள் என்று இருக்கும்போது பீரங்கிக்காரன் எங்கே சுடுவான்? இருட்டியதும் எறிகுண்டும் பட்டாக்கத்தியும் எடுத்துக்கொண்டு பகலில் விட்ட வீடுகளைத் திரும்பப் பிடிப்பார்கள். பின்னாலிருந்து அவருடைய மேல்தளபதி சுன் லியான்ஜோங் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். வெளியே இன்னொரு சீனத் தளபதி டாங் என்போவின் படை சுற்றி வந்ததும் ஏப்ரல் 7-ல் ஜப்பானியர் பின்வாங்கினார்கள்.

ஆக, சுவர் ஒன்று. ராத்திரி ஆள் வந்து சேருகிற வழி இன்னொன்று. வெளியிலிருந்து உதவி வரும் என்ற நிச்சயம் மூன்றாவது. மூன்றாவது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாங்தே என்ற சீன ஊர். 1943 நவம்பரில் யூ செங்வானின் 57-ஆம் டிவிஷன், சுமார் எட்டாயிரம் பேர், அந்த ஊருக்குள் முற்றுகையில் சிக்கியது. ஜப்பானியர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டே வந்தார்கள், விஷப்புகையும் போட்டார்கள். உதவிப் படை நேரத்துக்கு வந்து சேரவில்லை. டிசம்பர் 3-ல் யூ செங்வான் தப்பியபோது மிஞ்சியது சில நூறு பேர். அவ்வளவு நாள் நின்றவரை, அனுமதியில்லாமல் ஊரை விட்டார் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் சீனர்களே சாங்தேயைத் திரும்பப் பிடித்தார்கள். பிடிக்க அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை.

மார்ச் 10, காலை 7.20

மூன்று, நாலு என்று நான் எண்ணிக்கொண்டு போவதைப் பார்த்து மகள் "பரீட்சைக்குப் படிக்கிறாயாப்பா" என்கிறாள். நிறுத்துகிறேன்.

மார்ச் 12, இரவு 10.00

கேள்வி கேட்டவரே திரும்பி வந்து "சரி, ஜப்பானியர் உள்ளே இருந்து, வெளியே இருப்பவனிடம் பெரிய பீரங்கியும் இருந்து, தடுக்க ஆளும் இல்லாவிட்டால்?" என்று மடக்குகிறார். அதுவும் நடந்தது. பிலிப்பைன்ஸின் மணிலா, 1945 பிப்ரவரி. இது சீனா இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டும்.

அங்கேயும் கடற்படைக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார், ரியர் அட்மிரல் இவாபுச்சி சான்ஜி. ராணுவத் தளபதி யமஷிதா ஊரை விட்டு வெளியே வரச் சொன்னார். இவர் அரசாங்கக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்துவிட்டார். அஞ்சல் நிலையம், சட்டசபை, நகரமன்றம் எல்லாமே நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகத் தடியாகக் கட்டிய கான்கிரீட். ஷாங்காய் தலைமையகம் பல மடங்கு பெருகி நிற்கிற மாதிரி. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் விமான குண்டு வேண்டாம் என்றார். அதற்குப் பதில் அமெரிக்கர்கள் பெரிய ஹோவிட்சர் பீரங்கிகளை நேரே தெருவில் நிறுத்திச் சுவரில் சுட்டார்கள். ஒவ்வொரு கட்டடமாக, ஒவ்வொரு மாடியாக. ஒரு மாதத்தில் சுவர் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஊர்ஜனம் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். ஜப்பானியர் நேரே வெட்டியும் கொளுத்தியும் கொன்றது ஒரு பகுதி, ஷெல்லுக்கு இரையானவர்கள் இன்னொரு பகுதி. பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சிஹாங்கில் எரிவாயுத் தொட்டி இல்லாவிட்டால், ஓடைக்கு அக்கரையில் வெள்ளைக்காரன் இல்லாவிட்டால், அதுதான் நடந்திருக்கும். அரை நாள் கூட ஆகியிருக்காது.

மார்ச் 12, இரவு 10.25

"அரை நாள்" என்பது என் வாய்ச்சவடால். ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 15, மாலை 5.40

முதல் கேள்வியின் வால் இன்னும் பாக்கி: "வெட்டவெளியில் மட்டும்தான் ஜப்பானியர் ஜெயித்தார்கள்." இதில் உண்மை இருக்கிறது. ஷாங்காய் போனது ஷாங்காய்க்குள் இல்லை. ஆகஸ்ட் 23-ல் ஜப்பானியத் தளபதி மட்சுய் இவானேயின் படை வடக்கே யாங்சி கரையில் இறங்கியது. அப்புறம் இரண்டு மாதம் லுவோதியன், தாச்சாங் என்று கிராமங்களிலும் பருத்தி வயல்களிலும்தான் சாவு. தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும் பூமி, பதுங்குகுழியே நிற்காது. கடலோரத்தில் கடைக்கால் தோண்டியவர்களுக்கு அந்தச் சேறு தெரியும். லுவோதியனுக்குச் சீனர்கள் வைத்த பெயர் "சதை அரைக்கும் ஆலை". அக்டோபர் கடைசியில் தாச்சாங் விழுந்ததும் ஜாபெயில் இருந்த படை வெளியேற வேண்டியதாயிற்று. அந்த வெளியேற்றத்துக்குக் காவல் நின்றதுதான் சிஹாங் பட்டாலியன். நவம்பர் 5-ல் தெற்கே ஹாங்சோ குடாவில் இன்னொரு ஜப்பானியப் படை இறங்கியதோடு ஆட்டம் முடிந்தது. ஜப்பானியர் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நாற்பதாயிரம். சீனர்கள் தரப்பில் குறைந்தபட்சம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஜெர்மன் தொப்பி போட்ட அந்த நல்ல டிவிஷன்கள் இதோடு தீர்ந்தன. டிசம்பர் 13-ல் நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 15, இரவு 11.45

சிஹாங் ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 1 நள்ளிரவில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுடச்சுடப் பாலத்தைத் தாண்டி சர்வதேசக் குடியிருப்புக்குள் ஓடினார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு வந்தார்கள். மறுபடி படையோடு சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் பேச்சு. ஜப்பான் மிரட்டியதும் ஆயுதத்தைப் பிடுங்கி முகாமில் அடைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேதான். காலையில் உடற்பயிற்சி, பகலில் சோப்பும் காலுறையும் செய்து விற்பது. கொடி ஏற்றக்கூடாது என்றதற்குக் கைகலப்பு நடந்து ஆட்கள் செத்தார்கள். ஷியே ஜின்யுவான் 1941 ஏப்ரல் 24 காலையில் செத்தார், தன் சொந்தச் சிப்பாய்கள் நாலு பேர் கத்தியால் குத்தி. ஜப்பானியப் பக்கத்துக் கைப்பாவை அரசு அவர்களை விலைக்கு வாங்கியிருந்தது. ஆறடி தூரத்தில் எதிரி இருந்தபோது விழாதவர்.

மார்ச் 16, காலை 6.50

"ஆறடி தூரம்" சும்மா வேகத்தில் வந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் என்று திருத்திப் படிக்கவும்.

மார்ச் 16, இரவு 9.35

ஷாங்காய் போகிறவர்களுக்கு: சிஹாங்கைப் பார்க்க மேற்குப் பக்கம் வாருங்கள். பிற்பகல் வெயில் சாய்வாக விழும்போதுதான் ஓட்டைகளின் ஆழம் தெரிகிறது. நான் போனபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் முப்பது படம் எடுத்தேன், பாதி தூண் சந்திப்புகள்.

ஜப்பானியக் கடற்படைத் தலைமையகமும் இன்னும் நிற்கிறது, சிச்சுவான் வடக்குச் சாலையின் கோடியில். அது நிற்கிறது என்பது ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கண்காட்சிக்காரர்கள் போட்ட ஹோட்டல் ஹொங்கோவில்தான். நாலு நாளும் காலையும் மாலையும் பஸ் அந்தச் சாலை வழியாகத்தான் போனது. ஒரு தடவை கூட நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, போனில் இருந்தேன்.